வெள்ளிக்கிழமை வைத்த அடை

2014 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். வாசல் தெளித்து நாலு புள்ளிக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். கோழிக்கூண்டைத் திறந்ததும் சேவலும் நான்கு கோழிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. அவற்றுக்குக் கம்பு இறைத்து, மண்சட்டியில் தண்ணீர் மாற்றினேன். துணி ஊறவைத்தேன். இதெல்லாம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்வதுதான்.

ஐந்தாவது கோழியான செவலை கூண்டில் இல்லை. அது பின்பக்க மாடிப்படிக்குக் கீழே, மூங்கில் கூடையில் அடை படுத்திருந்தது. சிறகை உப்பிக்கொண்டு, கூடையின் வாய் அளவுக்குத் தட்டையாகப் பரவியிருந்தது. அடியில் கை விட்டுப் பார்த்தேன். வழக்கம்போல் கையில் ஒரு கொத்து கொத்தியது. எட்டு முட்டைகளும் சூடாக இருந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை, சத்தம் இல்லை. என் நாட்குறிப்பின்படி வெள்ளிக்கிழமையே குஞ்சு வந்திருக்க வேண்டும். வெள்ளி போய்விட்டது, சனியும் போய்விட்டது.

அந்த முட்டைகள் என்னுடையவை அல்ல. பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்த பெண்ணுடையவை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். சுங்குவார்சத்திரம் தாண்டி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு முனைக்கே கம்பெனி பஸ் வந்துவிடும் என்பதால்தான் எங்கள் அறையைப் பிடித்தாள். நான் படப்பையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கணவர் ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். மகன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் நாங்கள் இருவர், பின்னால் அவள், கொல்லையில் கோழிகள்.

ஆவணியில் ஊர்க்கோயில் கொடைக்குப் போனவள் திரும்பும்போது தூக்குவாளி ஒன்றைப் பஸ்ஸில் இரவு முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே உமி, உமிக்குள் ஒன்பது முட்டைகள். அவள் அம்மா வளர்க்கும் கொண்டைக் கோழி இட்டவை. தலையில் பூச்செண்டு போல மயிர் நிற்கும், கால் கறுப்பு. கல்யாணமாகி வந்தபோது அந்த அம்மா தன் வீட்டிலிருந்து ஒரே ஒரு கோழி கொண்டுவந்தாராம். அதன் வழிதான் எல்லாமே.

"ஒங்க செவலை எப்படியும் அடைக்கு நிக்குதுல்லாக்கா," என்றாள். "எங்கூர்ல வாரத்துக்கு, பங்குக்கு வைப்போம். முட்டை ஒருத்தரோடது, கோழி ஒருத்தரோடது. பொரிக்கதுல ஆளுக்குப் பாதி. தீனிக்கணக்கெல்லாம் யாரும் கேக்க மாட்டாவ."

எனக்கு அது பிடித்திருந்தது. கணவருக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாம்மா இது, எங்க கம்பெனில ஜாப் ஒர்க் குடுக்கற மாதிரி கீது. மெட்டீரியல் உன்னுது, மிஷின் எங்குது."

"ஆமா அண்ணாச்சி. ரிஜெக்ட் வந்தா என்னைக் கேக்கக்கூடாது."

"அண்ணாச்சின்னு கூப்பிடாதம்மா. தெருவுல கேக்கறவன் நான் மளிகைக் கடை வச்சிகினு கீறேன்னு நெனைப்பான்."

அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். அவரும் கடைசிவரை மறுத்துக்கொண்டேதான் இருந்தார்.

குஞ்சு விஷயத்தில் அவருக்கும் எனக்கும் அப்போது ஆறு வருடப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வீடு கட்டிக் குடிவந்த மறு வருடம், 2008இல், முதன்முதலாக நாங்கள் விலைக்குத்தான் வாங்கினோம். பன்னிரண்டு குஞ்சுகள், தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு. எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே அளவு. ஸ்டோர் கணக்குப் பார்த்துப் பழகிய மனிதர், அதைப் பார்த்து அவருக்கு மிகுந்த திருப்தி. அவை நன்றாகவே வளர்ந்தன, நேரத்துக்கு முட்டையிட்டன. ஆனால் பருந்து மேலே வட்டம் போட்டால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். வாகனம் வந்தால் தெருவின் நடுவிலேயே யோசிக்கும். ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. அவை தீர்ந்ததும் திரும்பவும் வாங்க வேண்டியிருந்தது.

2011இல் எங்கள் பள்ளிக்கூட ஆயாவிடமிருந்து செவலைக் கோழி வந்தது. அது வந்த நாலாம் மாதமே அடைக்கு நின்றது. அது பொரித்த குஞ்சுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு வித்தியாசம் புரிந்தது. வானத்தில் ஒரு நிழல் தெரிந்தால் தாய்க்கோழி தொண்டைக்குள் ஒரு சத்தம் போடும். அடுத்த கணம் வாழைக்கன்றடியில் ஒரு குஞ்சு வெளியே தெரியாது. அதை எந்தப் பல்பும் சொல்லிக்கொடுக்காது. ஆனால் கணவர் சொன்னதும் பொய்யில்லை. அடை வைத்தால் அந்தக் கோழி மூன்று மாதம் முட்டையிடாது. வரும் குஞ்சில் பாதி சேவலாகிவிடும். பூனைக்கு ஒன்று, காக்கைக்கு ஒன்று போகும்.

"ஒரு பார்ட்டை நாமளே செய்யறதா, வெளியில வாங்கறதான்னு எங்காண்ட மாசாமாசம் மீட்டிங் போடுவாங்க," என்பார். "கடைசில வெளியில வாங்கறதுதான் முடிவாகும். நீயும் ஒருநாள் அந்த முடிவுக்கு வருவ."

நான் வரவில்லை. ஆனால் அடை வைப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று வைத்திருந்தேன். இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். செவலை அதுவரை மூன்று முறை அடை படுத்து, மூன்று முறையும் நாள் தவறவில்லை. அதற்கு மேல் ஒருநாள் பார்ப்பேன். அதற்கு அடுத்த நாள் இருட்டுவதற்குள் கூடையைக் காலி செய்துவிடுவேன். பக்கத்து வீட்டில் ஒரு கோழி கூமுட்டையின் மேல் பத்து நாள் கூடுதலாகப் படுத்து, பேன் பிடித்து, எலும்பாகிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். கோழிக்குக் கணக்குத் தெரியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் முட்டையோடு வந்த மறுநாள் காலையில் நானும் கணவரும் என் தங்கை மகளின் வளைகாப்புக்குக் காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. அது ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பினோம். நாங்கள் கிளம்பும்போதே செவலை கூண்டில் வெறும் தரையில் படுத்துக்கொண்டு கொக்கரித்துக்கொண்டிருந்தது. போகும்போது அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டுப் போனேன். கூடையில் மணல், மணல்மேல் வைக்கோல், ஓரத்தில் ஒரு கரித்துண்டும் ஒரு இரும்புத் துண்டும். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க இரும்பு போடுவது இந்தப் பக்கத்து வழக்கம், அவள் ஊரிலும் உண்டாம். கணவர் கம்பெனியில் கழித்துப் போட்ட புஷ் என்ற இரும்பு வளையம் ஒன்றை அதற்காக எடுத்து வைத்திருந்தேன். "வெள்ளிக்கிழமை நல்ல நாள், இன்னைக்கே வச்சுடு," என்றேன். சனிக்கிழமை மாலை போன் செய்தபோது, "வச்சிட்டேங்க்கா, வெள்ளிக்கிழமையே," என்றாள். வந்ததும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். எட்டில் சிலந்திபோல் நரம்பு ஓடியிருந்தது. ஒன்று வெறுமையாக இருந்தது, அதை எடுத்துவிட்டோம்.

அதுவரை இது வேடிக்கையான காரியம்தான். செப்டம்பர் முதல் வாரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. நாய்க்கூட்டம் ஒன்று கோழிக்கூட்டின் கதவைத் தள்ளி உள்ளே புகுந்துவிட்டது. சேவல், பெட்டை, குஞ்சு ஒன்றும் மிச்சமில்லை. கொண்டைக் கோழி வழியில் அக்கம்பக்கத்தில் யாரிடமும் இல்லை. முட்டை விற்றும் கோழி விற்றும்தான் அந்த அம்மா கைச்செலவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் வந்தபோது அவள் பகல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் மாடிப்படிக்குக் கீழே போய்க் கூடைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா அழவே இல்லக்கா," என்றாள். "கூடு சும்மா கெடக்கு, தூத்து வச்சிருக்கேன்னு மட்டும் சொன்னா."

பிறகுதான் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது பொரிச்சிட்டா நான் கொண்டு போயிருவேங்க்கா. அம்மைட்ட சொல்லிட்டேன்."

அவள் தம்பி கூட்டுக்கு இரும்பு வலையில் புதுக் கதவு போட்டான். அவள் ஒரு வாரம் லீவு எழுதிக்கொடுத்தாள். 15ஆம் தேதி திங்கட்கிழமை இரவுப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாள். வெள்ளிக்கிழமை பொரித்துவிடும், திங்கட்கிழமைக்குள் குஞ்சு காய்ந்து நடக்கும், அதுதான் எங்கள் இருவர் கணக்கும். நாள் சொன்னது நான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் நான் கூடையைக் காலி செய்ய வேண்டும்.

கணவர் பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பினார். வண்டியின் முன்னால் பை, பின்னால் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி. பெட்டியின் நாலு பக்கமும் வட்ட ஓட்டைகள். உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம்.

"சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பாண்ட வேன் நின்னுது," என்றார். "பத்து குஞ்சு. அந்தப் பொண்ணு வெறுங்கையோட ஊருக்குப் போவக்கூடாது இல்ல. அஞ்சை அது எடுத்துகினு போவட்டும். அஞ்சை இருட்டினதும் நம்ம கோழிக்கடியில தள்ளிடலாம்."

"நாட்டுக்கோழியா?"

"நானும் கேட்டேன். நாட்டுக்கோழி மாதிரி சார்னான். மாதிரின்னா இன்னாப்பான்னேன். மாதிரின்னா மாதிரிதான் சார்னான்." பெட்டியைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டு விரலால் ஒரு ஓட்டையைத் தொட்டார். "நல்லாத்தான் கீது. நேத்து பொறந்ததாம். ரெண்டு மூணு நாளைக்குத் தீனி தண்ணி இல்லாமகூடத் தாங்குமாம். வயித்துக்குள்ளயே மஞ்சக்கரு இருக்குதாம். அதனாலதான் ஈரோட்டுலருந்து இங்க வரைக்கும் வருதுன்னான்."

அவர் செய்தது நல்லெண்ணத்தில்தான். அடை படுத்த கோழிக்கு எந்தக் குஞ்சானாலும் குஞ்சுதான் என்பதும் உண்மை. இருட்டில் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டால் காலையில் தன்னுடையது என்றே அழைத்துக்கொண்டு கிளம்பும். ஆனால் குஞ்சு கிடைத்த கோழி கூடையை விட்டு எழுந்துவிடும். அதற்குப் பிறகு அடியில் இருக்கும் முட்டை ஆறிப்போகும். அதனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். பெட்டியில் இருப்பதை வைத்தால் கூடையில் இருப்பது முடிந்தது.

"அந்தப் பொண்ணு எழுந்து வரட்டும்," என்றேன்.

அவள் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றரைக்கு எழுந்து, முகம் கழுவி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு நேராகக் கூடைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"இன்னும் இல்லியாக்கா?"

"இல்லம்மா. இன்னையோட இருபத்துமூணு ஆவுது."

கணவர் பெட்டியைத் திறந்து காட்டினார். மஞ்சளும் பழுப்புமாகப் பத்து குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து அதன் தலையைக் கட்டைவிரலால் தடவினாள். தலை வழவழவென்று இருந்தது. திரும்ப உள்ளே விட்டாள்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"ஒரு முட்டையை ஒடச்சிப் பாத்துடலாமா?" என்றார் அவர். "உள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சா ஒரு முடிவுக்கு வந்துடலாம் இல்ல."

"வேண்டாம் அண்ணாச்சி. ஒடச்சது உசுரோட இருந்துட்டா?"

"ரெண்டு நாள் தாண்டிடுச்சேம்மா. உங்க ஊரு முட்டைக்கு கேலண்டர் பாக்கத் தெரியலியா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் சரியாத்தான வச்சேன். நீங்க சொன்ன மாதிரி மணலு, வைக்கோலு, கரி. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிச்சிட்டு வந்து யூனிபார்மைக்கூட மாத்தலக்கா. பசி வேற. ஓட்டி பாத்துட்டு வந்ததுல பஸ்ஸு லேட்டு. வச்சிட்டுத்தான் சாப்பிட்டேன்."

"எந்த ஷிப்ட்?" என்று கேட்டேன்.

"சி ஷிப்ட்தாங்க்கா."

சி ஷிப்ட் என்றால் இரவு. வெள்ளிக்கிழமை இரவு போனால் சனிக்கிழமை காலையில்தான் வெளியே வருவார்கள். அதற்கு மேல் ஓட்டி என்று கூடுதல் நேரமும் வேலை பார்த்திருக்கிறாள்.

"அப்படின்னா நீ வச்சது சனிக்கிழமை."

"இல்லக்கா, வெள்ளிக்கிழமை. அது வெள்ளிக்கிழமை ஷிப்ட்தான?"

"வச்சப்போ மணி என்ன?"

"பன்னெண்டு இருக்கும். வெயிலு சுள்ளுனு அடிச்சிச்சி."

"வெயில் அடிச்சுதுன்னா அது சனிக்கிழமை மத்தியானம்தானம்மா!"

"நான் அதுக்கப்புறந்தான தூங்கினேன்?" என்றாள், எனக்குத்தான் புரியவில்லை என்பதுபோல. "தூங்கி எந்திரிச்சாத்தானக்கா மறுநா."

கணவர் பெட்டியின் மேல் கைவைத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். "அது சொல்றது கரெக்ட்டு," என்றார். "நாங்களும் ராத்திரி ஷிப்ட்டுல ஓடினதை முந்தின நாள் தேதியிலதான் எழுதறோம். காலையில ஆறு மணிக்கு வர்ற பீஸுக்கும் முந்தின நாள் தேதிதான். கம்பெனிக் கணக்குக்கு அது வெள்ளிக்கிழமை முட்டைதான். கோழிதான் கம்பெனில வேலை செய்யல."

நான் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அதை வெள்ளிக்கிழமை காலை என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் விட்டு எண்ணினேன். சனிக்கிழமை மதியத்திலிருந்து எண்ணினால் இருபத்தோரு நாள் நேற்று மதியம்தான் முடிந்திருந்தது. போதாததற்கு முட்டைகள் ஒரு இரவு பஸ்ஸில் குலுங்கி வந்தவை.

"செவலை அன்னைக்கே ஒழுங்கா படுத்துதா?" என்று கேட்டேன்.

"எங்க? ரெண்டு தடவ எந்திரிச்சி கூண்டுக்கே ஓடிச்சி. நான் பிடிச்சிப் பிடிச்சிக் கொண்டாந்து விட்டேன். பொழுது சாயத்தான் அடங்கிச்சி."

அப்படியென்றால் இன்னும் அரை நாள் பின்னால். என் விதிப்படியே பார்த்தால்கூட இன்று காத்திருக்கும் நாள்தான். காலி செய்யும் நாள் நாளைக்கு.

"இன்னைக்குக் கூடையில கை வைக்கறதில்ல," என்றேன். கணவர் பெட்டிக்குள் பல்பு எரிய வைக்க ஒயரைத் தேடிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறை மூலையிலிருந்து மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஒரு மூடியில் தண்ணீரும் ஒரு தாளில் நொய்யும் வைத்தார்.

அந்த மூன்று மணி நேரம் நீளமாகத்தான் இருந்தது. அவள் துணிப்பையில் துணிகளை மடித்து வைத்தாள், எடுத்தாள், திரும்பவும் மடித்தாள். நான் திங்கட்கிழமைக்கு வேண்டிய புடவையை இஸ்திரி போட்டேன். வாரநாளாக இருந்தால் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குப் பைல் அடிக்கும் இயந்திரம் தரையையே அதிர வைத்துக்கொண்டிருக்கும். அன்று அதற்கு விடுமுறை. ஆனால் ஒரகடம் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் ஓயவில்லை. தெற்கே மறைமலை நகர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐந்தரைக்கு ஒரு இடி இடித்தது. உடனே கணவர் செருப்பைக்கூடப் போடாமல் மாடிப்படிக்குக் கீழே போனார். குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த புஷ் சரியா கீதான்னு பாத்தேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று அவள் முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

மழை பத்து நிமிடம் பெய்துவிட்டு நின்றது. ஆறேகாலுக்கு மூவரும் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் செவலையின் மார்புக்கடியில் மெதுவாகக் கை விட்டு ஒரு முட்டையை எடுத்தேன். கொத்துவதற்குப் பதிலாக அது தொண்டைக்குள் கிர்ரென்று மெல்லிய குரல் எழுப்பியது. அந்தக் குரலை அது அடையின்போது போடாது. குஞ்சோடு பேசும்போதுதான் போடும். நான் அதைச் சொல்லவில்லை. முட்டையை அவள் காதில் வைத்தேன்.

"ஒண்ணும் கேக்கலக்கா. லாரிச் சத்தந்தான் கேக்கு."

"இரு. லாரி போவட்டும்."

ஒரு வண்டி போய், அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் அமைதி கிடைத்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு முட்டையைக் காதிலிருந்து எடுக்காமலேயே இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள்.

"தட்டுது," என்றாள். "உள்ள இருந்து தட்டுதுக்கா."

நான் வாங்கிக் கேட்டேன். டிக், டிக், நிறுத்தம், டிக். அதற்குப் பிறகு, எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் ஒரு கீச். கணவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கீறான்," என்றார். "உள்ள ஆளு கீறான்."

அவள் போனை எடுத்து ஊருக்குப் போட்டாள். ஸ்பீக்கரை வைத்துவிட்டு, போனை முட்டையோடு ஒட்டிப் பிடித்தாள்.

"ஏட்டி, என்ன, சாப்பிட்டியா? நாளைக்கு பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றது அந்த அம்மாவின் குரல்.

"எம்மா, பேசாத. கேளு."

"என்னத்தட்டி கேக்க?"

"சும்மா கேளும்மா."

அந்தப் பக்கம் அமைதி. இந்தப் பக்கமும் நாங்கள் அசையவில்லை. உள்ளே இருந்தது நேரம் பார்த்தது போல் கத்தியது, இந்த முறை சத்தமாக. அதற்குப் பதிலாகச் செவலையும் கிர்ரென்றது.

"ஏ பிள்ள," என்றார் அந்த அம்மா. "அது நம்ம கொண்டையா?"

"ஆமாம்மா."

பிறகு வந்தது நேரான வேலைப் பேச்சு: "எதுத்த வீட்டு மதினி கோழி ஒண்ணு மூணு நாளா வெறுங்கூட்டுல அடை கெடக்கு. தண்ணியில முக்கி அடையக் கலைக்கணும்னு காலையிலதான் சொல்லிட்டு இருந்தா. இப்பமே போயிச் சொல்லுதேன், முக்காதன்னு. நம்ம குஞ்சை அதுக்கடியில விட்டுரலாம். நீ பதனமா கொண்டா. பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காராத, காத்து அடிக்கும். அக்காட்ட போனைக் குடு."

நான் வாங்கினேன். "நல்லா இருக்கீங்களா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். "பாதிப் பாதிம்மா," என்றார் அவர். "முட்டை எங்களதுன்னு சொல்லி எம்மவ கூடுதலா வாங்கிட்டு வந்துரப் போறா. ஒங்க பங்கை எடுத்துக்கிட்டுத்தான் விடணும்."

எட்டு மணிக்கு ஒரு முட்டையில் சிறு நட்சத்திரம்போல் ஓடு தெறித்திருந்தது. ஒன்பது மணிக்கு மூன்றில். அதற்கு மேல் கோழியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லி எல்லோரையும் உள்ளே அனுப்பினேன். நாட்குறிப்பில் ஆகஸ்ட் 22ஆம் தேதிப் பக்கத்துக்குப் போய், ‘அடை வைத்தது’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மறுநாள் பக்கத்தில் எழுதினேன். பக்கத்தில் படுத்திருந்த கணவர் கேட்டார்: "அந்தப் பத்து குஞ்சை இன்னா பண்றது? அது பாட்டுக்குக் கத்திகினு கீது."

"செவலைக்குக் குஞ்சு வந்தாச்சுன்னா அதோட சேத்துடலாம்," என்றேன். "அது சொல்லிக்கொடுக்கும். பருந்து வந்தா எங்க ஓடணும்னு அதுங்களும் கத்துக்கட்டும்."

"அப்போ வாங்கினதும் ஆச்சு, பொரிச்சதும் ஆச்சு."

"ஆமா."

"யாரு ஜெயிச்சது?"

"தூங்குங்க," என்றேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன். வெளியே இன்னும் இருட்டாகவே இருந்தது. மோட்டார் போடவில்லை, பால் வைக்கவில்லை. நேராக மாடிப்படிக்குக் கீழே போய் விரல்களால் தடவி எண்ணினேன். ஏழு. ஆறு காய்ந்துவிட்டிருந்தன, ஒன்று இன்னும் ஈரம். ஒரு முட்டை அப்படியே கிடந்தது. முதல் குஞ்சின் தலையைத் தொட்டபோதே நடுவில் சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஏழில் பாதி மூன்றரை. அவளுக்கு நாலு என்று வைத்துக்கொண்டேன். பிறகு சமையலறையிலிருந்து வேன்காரர் பெட்டியைக் கொண்டுவந்து, விடிவதற்குள் பத்து குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகச் செவலையின் சிறகுக்குள் தள்ளினேன். அது கிர்ரென்றதே தவிரக் கொத்தவில்லை. காலியான பெட்டியிலிருந்து அசுத்தமான தாளை எடுத்துப் போட்டேன், உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தேன். முட்டைகள் வந்த தூக்குவாளியில் அந்த உமி அப்படியே இருந்தது. அதைக் கொட்டி, அந்த நாலு குஞ்சின் இரவுப் பயணத்துக்காகப் பெட்டியின் அடியில் நிரவி வைத்தேன்.